பந்தயத்தில் ஜெயித்த பணத்துக்கு வரி: ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம் முதல்முறை ரிட்டர்ன் போடுபவர்களுக்கு

ஓசூர் சிப்காட்டில் வேலை, வருடச் சம்பளம் ஆறு லட்சம் என்று வைத்துக்கொள்வோம். பன்னிரண்டு லட்சம் வரை வரி இல்லை என்று கம்பெனி ஹெச்.ஆரிலும் சொன்னார்கள், டிவியிலும் சொன்னார்கள். ஜூலையில் ரிட்டர்ன் (வருமான வரிக் கணக்கு) போட உட்கார்ந்தால் மட்டும் கட்ட வேண்டிய தொகை என்று, உதாரணமாக 660 ரூபாய், காட்டும். இந்தப் பக்கத்து இளவட்டங்களுக்கு இது பெரும்பாலும் ஐ.பி.எல். சமயத்தில் ஃபேண்டஸி ஆப்பில் (கற்பனை அணி அமைத்துப் பணம் கட்டி ஆடும் ஆப்) ஜெயித்த பணத்தால் வருவது. ஆப்பில் இருந்த நஷ்டமெல்லாம் போக மிஞ்சியது கொஞ்சம்தான், அதற்கும் வரி பிடித்துவிட்டுத்தான் கொடுத்தார்கள், இன்னும் என்ன பாக்கி என்று கோபம் வரும். ஏன் வருகிறது, என்ன செய்ய வேண்டும் என்று வரிசையாகப் பார்க்கலாம். கணக்கு 2025-26 நிதியாண்டுக்கானது. தொழில் வருமானம் இல்லாதவர்கள் அதற்கு ரிட்டர்ன் போடக் கடைசி நாள் 2026 ஜூலை 31.

சட்டம் அனுமதிக்கிறதா என்பது தனிக் கேள்வி

வரிக்குள் போவதற்கு முன் இதைச் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் இணையவழிச் சூதாட்டத்துக்கு 2023 ஏப்ரலிலிருந்து தடைச் சட்டம் இருக்கிறது. நடத்துபவருக்கு மட்டுமல்ல, பணம் வைத்து ஆடுபவருக்கும் அதில் தண்டனை உண்டு. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் ஆன்லைன் கேமிங் சட்டத்தை நிறைவேற்றியது. திறமை விளையாட்டு, அதிர்ஷ்ட விளையாட்டு என்ற பேதமே இல்லாமல் பணம் கட்டி ஆடும் எல்லா ஆன்லைன் ஆட்டங்களையும் அது தடை செய்கிறது. குடியரசுத் தலைவர் ஒப்புதல் கிடைத்தது ஆகஸ்ட் 22. அதை ஒட்டியே பெரிய ஃபேண்டஸி ஆப்கள் பணப் போட்டிகளை நிறுத்திவிட்டன.

ஆனால் வருமான வரிச் சட்டம் 'இந்தப் பணம் நியாயமாக வந்ததா' என்று கேட்பதில்லை. வருமானமா, வரி கட்டு, அவ்வளவுதான். கடத்தல் தொழில் வருமானத்துக்கும் வரி உண்டு என்று உச்ச நீதிமன்றம் வரை பேசி முடித்த விஷயம் இது. அதற்காக, வரி கட்டிவிட்டதால் பந்தயம் சட்டப்படி சரியாகிவிட்டது என்றும் ஆகாது. இரண்டும் வெவ்வேறு வண்டி.

ஆகவே இந்த ஆண்டு ரிட்டர்னில் வரப்போகிறவை பெரும்பாலும் இவைதான்: 2025 ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை ஃபேண்டஸி ஆப்பில் எடுத்த பணம், பெங்களூரு ரேஸ் கோர்ஸில் குதிரைக்குக் கட்டி ஜெயித்தது, கேரளா போனபோது வாங்கிய லாட்டரி, அப்புறம் டீக்கடை பெஞ்சில் கைக்குக் கை கட்டிய மேட்ச் பெட்டிங்.

முதல் வேலை: உங்கள் பணம் எந்தக் கூடையில் விழுகிறது என்று பாருங்கள்

வரி விகிதம் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான், 30 சதவீதம். அந்த வரித் தொகையின்மேல் 4 சதவீதம் செஸ் (கூடுதல் வரி). மொத்தம் 31.2. ஆண்டு வருமானம் ஐம்பது லட்சத்தைத் தாண்டினால் சர்சார்ஜ் என்ற இன்னொரு கூடுதல் வரியும் சேரும், அது நம்மில் பலருக்கு வராத கவலை. விகிதம் ஒன்றாக இருந்தாலும் எந்தத் தொகைக்கு 30 சதவீதம் என்பதில்தான் வித்தியாசம்.

ஆன்லைன் ஆட்டம் என்றால் பிரிவு 115பிபிஜே. 2023-ல் கொண்டுவந்தது. இதில் நிகர வெற்றித் தொகைக்குத்தான் வரி. எடுத்த பணத்திலிருந்து போட்ட பணத்தைக் கழித்துக்கொள்ளலாம்.

லாட்டரி, குதிரைப் பந்தயம், சீட்டாட்டம், மற்ற எந்தப் பந்தயமானாலும் பிரிவு 115பிபி. இதில் எதையும் கழிக்க முடியாது. டிக்கெட் விலை, தோற்ற பந்தயம், பெங்களூரு போய்வந்த பஸ் காசு, எதுவுமே. காவேரிப்பட்டணத்தில் மாங்காய் மண்டி நடத்துபவர் பறிகூலி, லாரி வாடகை, அழுகிப்போன சரக்கு எல்லாம் போக மிஞ்சிய லாபத்துக்கு வரி கட்டுகிறார். பந்தயக்காரருக்கு அந்தச் சலுகை இல்லை. ஜெயித்த ஒவ்வொரு பந்தயமும் தனித்தனி வருமானம், தோற்றதைச் சட்டம் பார்ப்பதே இல்லை.

புரிவதற்கு ஒரு கணக்கு. பாலக்கோட்டில் ஒருவர் ஐ.பி.எல். முழுக்க நண்பர்களோடு கையில் பெட் கட்டினார். ஜெயித்த மேட்ச்களில் வந்தது 20,000. தோற்ற மேட்ச்களில் போனது 35,000. கையிலிருந்து 15,000 நஷ்டம். அவருக்கு வரி எவ்வளவு? 20,000-க்கு 30 சதவீதம் 6,000, செஸ் 240, ஆக 6,240. நஷ்டப்பட்டவனுக்கு எதற்கு வரி என்று கேட்டால், நியாயமான கேள்விதான், ஆனால் சட்டம் அப்படித்தான் இருக்கிறது. இந்த நஷ்டத்தை அடுத்த வருடத்துக்கு எடுத்துச் செல்லவும் முடியாது. எருது விடும் விழாவில் மாட்டின்மேல் கட்டும் பந்தயமும் இதே கூடைதான்.

ஆன்லைன் ஆப் என்றால் நிகரத் தொகையைப் போடும் விதம்

வருமான வரி விதி 133 இதற்கென்றே இருக்கிறது. சூத்திரத்தைச் சுருக்கமாகச் சொன்னால்:

ஆண்டில் எடுத்த மொத்தப் பணம் + மார்ச் 31 அன்று வாலட்டில் (ஆப்பில் உங்கள் பணம் இருக்கும் கணக்கில்) இருந்த தொகை − ஆண்டில் நீங்கள் போட்ட பணம் − ஏப்ரல் 1 அன்று வாலட்டில் இருந்த தொகை.

சிப்காட் நண்பர் கணக்கையே எடுப்போம். ஏப்ரல் 1 அன்று வாலட்டில் ஒன்றுமில்லை. ஆண்டில் போட்டது 40,000. எடுத்தது 90,000. ஆப் பணப் போட்டியை நிறுத்திய பிறகும் வாலட்டில் 5,000 தங்கிவிட்டது, எடுக்கவில்லை. 90,000 + 5,000 − 40,000 = 55,000. இதுதான் நிகர வெற்றி. எடுக்காத அந்த 5,000-மும் வருமானத்தில் சேர்ந்துவிட்டதைக் கவனியுங்கள். மார்ச் 31-ல் வாலட்டில் கிடக்கும் பணத்துக்கும் அன்றே வரி பிடிப்பார்கள். அதற்குப் பதிலாக அடுத்த ஆண்டில் அது ஆரம்ப இருப்பாகக் கழிந்துவிடும், இரண்டு முறை வரி வராது.

ஒரே கம்பெனியில் இரண்டு மூன்று கணக்கு வைத்திருந்தால் அவர்கள் எல்லாவற்றையும் சேர்த்தே கணக்குப் பார்ப்பார்கள். வேறு கம்பெனி ஆப்பில் தோற்றதை வரி பிடிக்கும்போது யாரும் பார்க்க மாட்டார்கள், அவரவர் கணக்கு அவரவருக்கு. ஆப் கொடுத்த போனஸ் நீங்கள் போட்ட பணமாகாது. எடுக்கக்கூடிய போனஸாக இருந்தால் அதுவும் வருமானம்.

டி.டி.எஸ். என்றால் கொடுப்பவரே முன்கூட்டி வரியைப் பிடித்து அரசுக்குக் கட்டிவிடுவது. ஆன்லைன் ஆட்டத்துக்கு இதற்குக் குறைந்தபட்ச வரம்பு கிடையாது. மாதத்தில் 100 ரூபாய்க்குள் எடுத்தால் மட்டும் பிடிக்காமல் தள்ளிவைக்கலாம். லாட்டரிக்கும் குதிரைக்கும் 2025 ஏப்ரல் முதல் ஒரு பரிசு 10,000 ரூபாயைத் தாண்டினால் பிடிப்பார்கள். பத்தாயிரத்துக்குள் என்றால் டி.டி.எஸ். இல்லை, ஆனால் வரி உண்டு. 'பத்தாயிரம் வரை ஃப்ரீ' என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படி இல்லை, அதை நீங்களே ரிட்டர்னில் காட்டிக் கட்ட வேண்டும்.

அந்த 660 ரூபாய் எங்கிருந்து வந்தது

55,000-க்கு ஆப் பிடித்த டி.டி.எஸ். 30 சதவீதம், 16,500. டி.டி.எஸ்.-ல் செஸ் சேர்க்க மாட்டார்கள். உண்மையான வரி 16,500 + செஸ் 660 = 17,160. பாக்கி 660 நீங்கள் கட்டியாக வேண்டும். முதல்முறை போடுபவர்கள் திகைக்கும் இடம் இதுதான்.

சம்பளத்துக்கு வரி இல்லையே என்றால், அது சரி. புதிய முறையில் ஆறு லட்சத்தில் நிலைக்கழிவு 75,000 போக 5,25,000. அதற்கு வரும் வரி 6,250-ஐ 87ஏ தள்ளுபடி (பன்னிரண்டு லட்சம் வரை வரி இல்லை என்று சொல்வது இதனால்தான்) முழுசாக அடித்துவிடும். ஆனால் அந்தத் தள்ளுபடி பந்தய வருமானத்தைத் தொடாது. 2025-26 முதல் புதிய முறையில் சிறப்பு விகித வருமானத்துக்கு (பந்தயப் பணம் போலத் தனி விகிதத்தில் வரி போடும் வருமானம்) அந்தத் தள்ளுபடி கிடையாது என்று சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். பழைய முறைக்குப் போய் எல்.ஐ.சி., பி.எஃப். எல்லாம் காட்டினாலும் அவற்றைப் பந்தயப் பணத்திலிருந்து கழிக்க முடியாது. 80சி போன்ற கழிவுகள் அந்தப் பணத்துக்குப் பொருந்தாது.

வேறு வருமானமே இல்லாத கல்லூரி மாணவருக்கும் இதே கதைதான். நான்கு லட்சம் அடிப்படை விலக்கு இந்தப் பணத்துக்குக் கிடையாது. 'எனக்குச் சம்பளமே இல்லை, பிடித்ததை ரீஃபண்ட் வாங்கித் தருகிறேன் என்று ஒருவர் சொன்னார்' என்று வருபவர்கள் இருக்கிறார்கள். அப்படிச் சொல்பவரிடம் பான் எண்ணும் பாஸ்வேர்டும் கொடுத்துவிடாதீர்கள். புதிய முறையில் இந்த டி.டி.எஸ். திரும்பி வராது.

ஜி.எஸ்.டி.யையும் இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். ஆப்பில் பணம் போடும்போது 2023 அக்டோபர் முதல் முழுத் தொகைக்கும் 28 சதவீத ஜி.எஸ்.டி. இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் பந்தயம், லாட்டரி வகைகளுக்கு அது 40 சதவீதம். அது போடும் பணத்துக்கான வரி, வருமான வரி ஜெயித்த பணத்துக்கானது. ஒன்றில் கட்டியதை இன்னொன்றில் கழிக்க முடியாது.

அம்மா பெயரில் கணக்கு

இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். நம் பக்கத்தில் பான் கார்டு இல்லாத பையன், இல்லை பதினெட்டு நிறையாத பையன், அம்மாவின் ஆதாரையும் பானையும் கொடுத்து ஆப்பில் கணக்குத் திறந்திருப்பான். இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒருவன் கணக்கில் ஆடியதும் உண்டு. வரித்துறைக்கு யார் விரலால் ஆடினார்கள் என்று தெரியாது. பான் யாருடையதோ, ஏ.ஐ.எஸ். எனப்படும் ஆண்டுத் தகவல் அறிக்கையில் அவர் பெயரில்தான் ஏறும்.

அரூர் பக்கம் இரண்டு ஏக்கர் வைத்து மரவள்ளி போடும் அம்மாவின் பெயரில் இப்படி ஏறினால் வரி மட்டும் பிரச்சினை அல்ல. முந்தைய ஆண்டில் வருமான வரி கட்டியவர்களுக்கு பி.எம். கிசான் பணம் கிடையாது என்பது அந்தத் திட்டத்தின் விதி. மகளிர் உரிமைத் தொகையிலும் வருமான வரி கட்டுபவர்களை விலக்கும் விதி உண்டு. பையன் ஐ.பி.எல்.-ல் ஜெயித்த ஐம்பதாயிரத்துக்காக அம்மாவின் மாத ஆயிரம் ரூபாய் கேள்விக்குள்ளாவது எந்த வகையிலும் லாபக் கணக்கல்ல. வீட்டில் யாருடைய பானையாவது எங்காவது கொடுத்திருந்தால் இன்றே அந்தப் பானில் லாகின் செய்து ஏ.ஐ.எஸ். பாருங்கள்.

யாரோ தெரியாதவர் உங்கள் பானைப் பயன்படுத்தியிருந்தால் ஏ.ஐ.எஸ்.-ல் அந்தப் பதிவைத் தொட்டு, தகவல் தவறு என்றோ எனக்குரியதல்ல என்றோ பின்னூட்டம் பதிவு செய்யலாம். பின்னூட்டத்தின் நகலை எடுத்து வையுங்கள்.

ரிட்டர்ன் போடும் வரிசை

வருமான வரித்துறையின் இ-ஃபைலிங் தளத்தில் பான் கொடுத்து உள்ளே போய் ஏ.ஐ.எஸ்., 26ஏஎஸ் (உங்கள் பானில் பிடித்த வரியின் பட்டியல்) இரண்டையும் இறக்கிக்கொள்ளுங்கள். 26ஏஎஸ்-ல் 194பிஏ என்று இருந்தால் ஆன்லைன் ஆட்டம், 194பி என்றால் லாட்டரி, 194பிபி என்றால் குதிரை. ஆப்பிலிருந்து டி.டி.எஸ். பிடித்ததற்கான ஃபார்ம் 16ஏ சான்றிதழும் ஆண்டுக் கணக்கு விவரமும் இறக்குங்கள். பணப் போட்டியை நிறுத்திய ஆப் என்றைக்கு முழுசாக மூடும் என்று சொல்ல முடியாது, அதனால் இதை ஜூலை வரை தள்ளிப்போட வேண்டாம்.

அடுத்து படிவம். சம்பளக்காரர் வழக்கமாகப் போடும் ஐ.டி.ஆர்.-1 இங்கே செல்லாது. ஐ.டி.ஆர்.-2 எடுக்க வேண்டும். கடை, தொழில் வருமானமும் இருந்தால் ஐ.டி.ஆர்.-3. பந்தய வருமானத்தை வைத்துக்கொண்டு ஐ.டி.ஆர்.-1 போட்டால் குறையுள்ள ரிட்டர்ன் என்று நோட்டீஸ் வரும். 'ஐந்து நிமிடத்தில் போட்டுத் தருகிறோம்' என்கிற சென்டர்களில் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள்.

ஐ.டி.ஆர்.-2-ல் 'இதர வருமானம்' அட்டவணைக்குப் போங்கள். ஆன்லைன் ஆட்டத்தின் நிகர வெற்றிக்கு 115பிபிஜே என்று தனிக் கட்டம் இருக்கும், மற்றவற்றுக்கு 115பிபி கட்டம். அதே அட்டவணையின் கீழ்ப் பகுதியில் எந்தக் காலாண்டில் வந்தது என்று பிரித்துக் கேட்பார்கள்: ஜூன் 15 வரை, செப்டம்பர் 15 வரை, டிசம்பர் 15 வரை, மார்ச் 15 வரை, மிச்சம். சோம்பல்பட்டு எல்லாவற்றையும் முதல் கட்டத்தில் போட்டுவிடாதீர்கள். ஆண்டில் கட்ட வேண்டிய வரி, டி.டி.எஸ். போக, பத்தாயிரத்தைத் தாண்டினால் முன்கூட்டிய வரிக்கான (ஆண்டு முடியும் முன்பே தவணையாகக் கட்ட வேண்டிய வரி) வட்டி இந்தத் தேதிகளை வைத்துத்தான் போடுவார்கள். லாட்டரி எப்போது விழும் என்று முன்கூட்டித் தெரியாது என்பதால், விழுந்த பிறகு வரும் தவணைகளில் கட்டினால் போதும் என்று சட்டமே சலுகை தருகிறது. தேதி தவறாகப் போட்டால் அந்தச் சலுகை போய்விடும்.

டி.டி.எஸ். அட்டவணையில் 16,500 தானாக வந்து நிற்கும், தலைப்பு 'இதர வருமானம்' என்று இருக்கிறதா பாருங்கள். பாக்கி 660-ஐ 'இ-பே டாக்ஸ்' வழியாக யு.பி.ஐ.யில் கட்டிவிட்டு, சலான் எண்ணைப் போட்டு, சமர்ப்பியுங்கள். முப்பது நாளுக்குள் ஆதார் ஓ.டி.பி. கொடுத்துச் சரிபார்க்காவிட்டால் போட்டும் போடாத மாதிரிதான்.

மொத்த வருமானம் விலக்கு வரம்புக்குக் கீழே, ரிட்டர்ன் போட வேண்டுமா என்று சந்தேகம் இருந்தால் ஒரு அளவுகோல்: ஆண்டில் பிடித்த டி.டி.எஸ். 25,000-ஐத் தொட்டால் கட்டாயம் போட வேண்டும். மூத்த குடிமக்களுக்கு அது 50,000.

புக்கியும் வெளிநாட்டு ஆப்பும்

புக்கியிடம் (பந்தயப் பணம் வாங்கி நடத்துபவர்) ஜெயித்தாலும் வெளிநாட்டு ஆப்பில் ஜெயித்தாலும் டி.டி.எஸ். பிடிக்க ஆளில்லை. வரிப் பொறுப்பு முழுக்க உங்கள் தலையில். ரொக்கத்தை வங்கியில் போட்டு, எங்கிருந்து வந்தது என்று அதிகாரி கேட்கும்போது ஆதாரம் காட்ட முடியாவிட்டால் 31.2 சதவீதம் என்ற பேச்சே இல்லை. 2025-26-க்கு விளக்கமில்லாப் பணத்தின் வரி 60 சதவீதம், சர்சார்ஜ், செஸ் சேர்த்து 78 சதவீதம்.

வெளிநாட்டுத் தளத்துக்குப் பணம் அனுப்புவதே அந்நியச் செலாவணி விதிகளில் தடை. லாட்டரிச் சீட்டு, ஃபுட்பால் பூல் போன்றவற்றுக்குப் பணம் அனுப்பக் கூடாது என்று 2000-ஆம் ஆண்டு விதியிலேயே இருக்கிறது. இந்த ஆப்களில் எடுக்கும் பணம் யார் யாரோ முன்பின் தெரியாதவர்கள் கணக்கிலிருந்து வந்து விழும். அதில் ஒன்று சைபர் மோசடிப் பணமாக இருந்தால் உங்கள் சம்பளக் கணக்கு முடங்கும். பிறகு வேறு மாநிலத்துப் போலீஸுக்கு விளக்கம் எழுதிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

இன்னொரு மோசடியும் நடக்கிறது. 'உங்கள் வாலட்டில் மூன்று லட்சம் இருக்கிறது, 30 சதவீத வரியை முதலில் இந்தக் கணக்கில் போடுங்கள், உடனே விடுவிக்கிறோம்' என்று வாட்ஸ்அப்பில் செய்தி வரும். பணப் பரிசுக்கு வரியை அந்தப் பரிசிலிருந்தே பிடிப்பார்கள், வெளியிலிருந்து கேட்க மாட்டார்கள். கார், பைக் போன்ற பொருள் பரிசுக்கு மட்டும்தான் வரி கட்டிய பிறகு பொருளைக் கொடுக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அந்த வரியும் உங்கள் பானில் அரசுக்குப் போகும், எவருடைய யு.பி.ஐ. ஐடிக்கும் அல்ல. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு அழையுங்கள்.

பழைய வருடங்களில் காட்டாமல் விட்டிருந்தால்

ஜூலை 31 தவறினால் டிசம்பர் 31 வரை தாமத ரிட்டர்ன் போடலாம். தாமதக் கட்டணம் 5,000, மொத்த வருமானம் ஐந்து லட்சத்துக்குள் என்றால் 1,000. அதுவும் தவறினால் ஐ.டி.ஆர்.-யு என்ற புதுப்பித்த ரிட்டர்ன். மதிப்பீட்டு ஆண்டு (நிதியாண்டுக்கு அடுத்து வரும் ஆண்டு) முடிந்து நான்கு வருடம் வரை இதற்கு வாய்ப்பு உண்டு. முதல் வருடத்துக்குள் போட்டால் வரி, வட்டியின் மேல் 25 சதவீதம் கூடுதல், இரண்டாம் வருடம் 50, மூன்றாம் வருடம் 60, நான்காம் வருடம் 70. 2023-24-ல் ஆப்பில் ஜெயித்து, டி.டி.எஸ். பிடித்ததோடு முடிந்தது என்று விட்டவர்களுக்குப் பாக்கி பெரும்பாலும் செஸ்ஸும் அதன் வட்டியும்தான், பயப்படும் அளவுக்கு இருக்காது. டி.டி.எஸ். இல்லாத பந்தயப் பணம் என்றால்தான் தொகை கனக்கும். வருமானத்தை மறைத்ததாகத் துறையே கண்டுபிடித்தால் அபராதம் வரியில் 200 சதவீதம் வரை போகும்.

2026 ஏப்ரல் 1 முதல் வந்த வருமானத்துக்குப் புதிய வருமான வரிச் சட்டம் பொருந்தும். பிரிவு எண்கள் மாறிவிடும், 115பிபிஜே என்று தேடினால் கிடைக்காது. இந்த ஜூலையில் போடும் ரிட்டர்னுக்கு 1961 சட்டத்தின் பழைய எண்கள்தான்.